நெகட்டிவ் பாதியைப் புரோகிராமில் மீட்க முடியாது

தண்டையார்பேட்டையில் எங்கள் சர்வீஸ் மேசைக்கு இன்னொரு ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் போட்டு ஓட்டும் சிறு போர்டு) வந்திருக்கிறது. திருவொற்றியூர் பட்டறை ஒன்றில் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்கப் பொருத்தியது. சி.டி.யின், அதாவது கரண்டை அளக்கும் டிரான்ஸ்ஃபார்மரின், ஒரு முனை கிரவுண்டில், மறுமுனை நேராக வோல்டேஜ் அளக்கும் ஏ0 பின்னில். ஏ.சி. அலையின் மேல் பாதி மட்டும்தான் தெரிகிறது. பொருத்திய தம்பியைக் கேட்டால், "புரோகிராம்ல 512 கூட்டிட்டேனே சார்" என்கிறார். இதே பதிலை எத்தனை பேரிடம் கேட்பது!

அந்தப் பின் 0 முதல் 5 வோல்ட் வரைதான் அளக்கும்; அதை 0 முதல் 1023 வரை எண்ணாகத் தரும், 512 அதன் நடு. மைனஸ் 0.1 வந்தாலும் 0, மைனஸ் 0.4 வந்தாலும் 0. இரண்டோடும் 512 கூட்டுங்கள்; இரண்டும் 512. எது எதுவாக இருந்தது என்று இனி யார் சொல்வது? அளக்கும்போதே தொலைந்தது கணக்கில் திரும்பாது. வோல்டேஜைப் பின்னுக்கு வரும் முன்பே, வயரிலேயே தூக்க வேண்டும். புரோகிராமின் வேலை, தூக்கியதைக் கழிப்பது. அதையும் 512 என்று எழுதிவைக்காதீர்கள், ரெசிஸ்டர்கள் அச்சு அசலாக இருக்காது. வரும் அளவுகளின் சராசரி எடுத்துக் கழியுங்கள்.

இன்னொன்று, ஊனோவின் சிப் மைனஸ் 0.5 வோல்ட்டுக்குக் கீழே தாங்கும் என்று தயாரிப்பாளரே உத்தரவாதம் தருவதில்லை. பத்து நாள் ஓடியது என்பதால் அது சரியாகிவிடாது.

வயரிலேயே தூக்குவது இப்படி: 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வரிசையாக இரண்டு 10 கே (10 கிலோ ஓம்) ரெசிஸ்டர். நடுப்புள்ளியில் 2.5 வோல்ட், அங்கிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். சி.டி.யின் ஒரு முனை இந்த நடுப்புள்ளிக்கு, மறுமுனை ஏ0வுக்கு. சி.டி.யின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு 33 ஓம் ரெசிஸ்டர். 100 ஆம்பியருக்கு 50 மில்லியாம்பியர் தரும் சி.டி. என்றால் உச்சத்தில் 2.33 வோல்ட் வரும், 2.5-க்குள் அடங்கிவிடும். 3.3 வோல்ட் போர்டில் இதை அப்படியே போடாதீர்கள்; 18 ஓம் போடுங்கள்.

2.5 வோல்ட்டைச் சென்சார் வயரோடு சும்மா முறுக்கிவிட்டால் இரண்டு வோல்டேஜும் ஒன்றோடொன்று சேர்ந்து கூட்டலாகிவிடாது. சென்சாரின் ஒரு கால் ஏற்கெனவே கிரவுண்டில் இருந்தால் ஆப்-ஆம்ப் (வோல்டேஜ்களைக் கூட்டப் பயன்படும் சிப்) போன்ற தனிச் சர்க்யூட் வைத்துக் கூட்ட வேண்டும். ஏசிஎஸ்712 என்ற கரண்ட் சென்சார் சிப் போல உள்ளேயே பாதி வோல்டேஜில் நிற்கும் சென்சார்களுக்கு இது எதுவும் வேண்டாம்.

அப்புறம், கெஞ்சிக் கேட்கிறேன்: லோடு ஓடும்போது அந்த 33 ஓமைக் கழற்றாதீர்கள். மணலி, எண்ணூர் கம்பெனிப் பேனல்களில் இருக்கும் பெரிய சி.டி.யில் செகண்டரி (சி.டி.யிலிருந்து வெளியே வரும் இரு முனைகள்) எதோடும் இணையாமல் திறந்து கிடந்தால் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் வரும். முதலில் லோடை நிறுத்துங்கள். நிறுத்த முடியாதென்றால் செகண்டரியின் இரு முனைகளையும் வயரால் ஷார்ட் செய்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.