கறை ஓரிடம், கசிவு வேறிடம்

எங்கள் வீட்டுப் படுக்கையறைச் சுவரில் ஒருமுறை உள்ளங்கை அளவுக்கு ஓதம் தெரிந்தது. இரண்டு வாரத்தில் அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவியது. பெயிண்ட் பொருமி, விரல் பட்டாலே உதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. கறைக்கு நேர் பின்னால் டைல்ஸை உடைத்துப் பார்த்தோம். அங்கே ஓடிய குழாய் காய்ந்து கிடந்தது. கடைசியில் கசிவு அகப்பட்டது அங்கிருந்து ஏழெட்டு அடி தள்ளி, தரைக்குள் புதைந்திருந்த வெந்நீர்க் குழாயின் ஒரு எல்போவில், அதாவது குழாய் திரும்பும் வளைவு இணைப்பில். தண்ணீர் தரைக்கடியில் குழாயை ஒட்டியே ஓடிவந்து, சுவரின் அடியைத் தொட்டு, மேலே ஏறியிருந்தது.

தண்ணீர் மேலே ஏறுமா என்று கேட்டால், ஏறும். செங்கல்லும் சிமெண்ட் பூச்சும் பார்வைக்குத்தான் கெட்டி. உள்ளே மயிரிழையைவிட மெல்லிய துளைகள் நிறைந்தவை. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிக் குழலைத் தண்ணீரில் நிறுத்தினால், நீர் தானாகவே சுமார் 15 மில்லிமீட்டர் ஏறும். ஆரம் பத்தில் ஒரு பங்கானால் 15 சென்டிமீட்டர். நூறில் ஒரு பங்கானால், கணக்குப்படி ஒன்றரை மீட்டர். சுவரின் துளைகள் ஒழுங்கான குழல்கள் அல்ல, நடுவில் நீர் ஆவியாகியும் போகிறது. அதனால் அவ்வளவு உயரம் எப்போதும் ஏறுவதில்லை. ஆனாலும் இந்த நுண்புழை ஏற்றம்தான் கறையைக் கசிவிலிருந்து பிரித்துத் தள்ளிக்கொண்டு போகிறது. போகிற வழியில் சிமெண்டிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு போகும். நீர் ஆவியாகும் இடத்தில் அந்த உப்பு வெள்ளையாகப் பூக்கும். எனவே சுவரில் உப்பு பூத்த இடம், தண்ணீர் பயணத்தை முடித்த இடம். கிளம்பிய இடத்தை அது காட்டுவதில்லை.

அதனால் சுத்தியலை எடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எங்கே?" என்பதல்ல. கசிவு இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு?

மீட்டர் உள்ள வீட்டில் இதற்கு ஒரு இரவு போதும். தொட்டிகளை நிரப்பிவிட்டு, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மீட்டரின் எண்ணைக் கடைசி இலக்கம் வரை குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் தண்ணீர் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். எண் மாறியிருந்தால் தண்ணீர் எங்கோ போகிறது. தொட்டியை முதலில் நிரப்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மிதவை வால்வு நடுராத்திரியில் தொட்டியை நிரப்பினால், அதையும் கசிவென்று தவறாக எண்ணிவிடுவோம். சோதனைக்கு இரவு பொருத்தமானது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பலர் தண்ணீர் எடுக்கும்போது குழாய்களில் அழுத்தம் குறையும். எல்லோரும் தூங்கும்போது அழுத்தம் கூடும், கசிவும் கூடும்.

ஆனால் மீட்டர் அசையவில்லை என்பதால் கசிவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உள்ளே சக்கரம் சுழலும் மீட்டருக்கு, சுழலத் தொடங்கவே ஒரு குறைந்தபட்ச ஓட்டம் வேண்டும். வினாடிக்கு ஒரு சொட்டு என்பது நாளுக்கு 86,400 சொட்டு. சுமார் 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்தால், நாளுக்கு நாலு லிட்டருக்கு மேல் போகிறது. மணிக்கணக்கில் பார்த்தால் அது 200 மில்லிலிட்டர்கூட இல்லை. இவ்வளவு மெல்லிய ஓட்டத்தைப் பெரும்பாலான மீட்டர்கள் உணர்வதே இல்லை. ஒரு சுவரை நாசமாக்க அந்த நாலு லிட்டர் தாராளமாகப் போதும்.

பெரிய கசிவின் கணக்கு வேறு. துளை வழியே நீர் வெளியேறும் வேகம் எதைப் பொறுத்தது என்பதை இத்தாலியரான டாரிசெல்லி 17ஆம் நூற்றாண்டிலேயே கண்டு சொல்லிவிட்டார். துளைக்கு மேல் எவ்வளவு உயரத்துக்கு நீர் நிற்கிறதோ, அந்த உயரத்திலிருந்து விழும் கல் அடையும் வேகம்தான் நீருக்கும் கிடைக்கும். பத்து மீட்டர் உயரத்துத் தொட்டிக்குக் கீழே இருக்கும் குழாயில், அது வினாடிக்கு 14 மீட்டர். அந்தக் குழாயில் குண்டூசி பருமனுக்கு, ஒரு மில்லிமீட்டர் விட்டத்தில், ஒரு துளை விழுந்தால் என்னாகும்? துளையில் நீர்த்தாரை சுருங்குவதையும் கழித்துப் பார்த்தால் நாளுக்கு 500 லிட்டருக்கு மேல் வெளியேறும். விட்டம் இரண்டு மில்லிமீட்டரானால் பரப்பு நாலு மடங்கு, இழப்பும் நாலு மடங்கு. குண்டூசித் துளைதானே என்று விட்டுவிட முடியாது.

சுவரையும் தரையையும் சந்தேகப்படும் முன் ஃப்ளஷ் டேங்கைப் பாருங்கள். அடியில் உள்ள ரப்பர் மூடி தேய்ந்தோ சுண்ணாம்பு படிந்தோ சரியாக உட்காராமல் போனால், தண்ணீர் சத்தமின்றிக் கோப்பைக்குள் வழிந்துகொண்டே இருக்கும். ஓதம் இல்லை, கறை இல்லை, கண்ணுக்கும் தெரியாது. டேங்கில் சில சொட்டு உணவு நிறத்தைக் கலந்து, அரைமணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் மூடி கசிகிறது. இவ்வளவு எளிமையான சோதனை இருந்தும் இதைச் செய்யாமலேயே பலர் தரையைத் தோண்டத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

நிலத்தடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நீர்மட்டமே ஒரு கருவி. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அடைத்துவிட்டு, மட்டத்தில் ஒரு கோடு போட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். முதலில் வேகமாக இறங்கி, அப்புறம் மெதுவாகி, ஒரு உயரத்தில் நின்றுவிட்டால், விரிசல் அந்த உயரத்தில் இருக்கிறது என்று பொருள். டாரிசெல்லி சொன்னது இங்கேயும் வேலை செய்கிறது: துளைக்கு மேல் நிற்கும் நீர் குறையக் குறைய வேகமும் குறைகிறது. நிலத்தடி நீர் மேலாக உள்ள இடங்களில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. வெளியே இருக்கும் நீரும் தொட்டி நீரும் ஒரே மட்டத்துக்கு வந்தாலும் இறக்கம் நின்றுவிடும்.

சரி, கசிவு உறுதியாகிவிட்டது. இனி இடத்தைக் குறுக்க வேண்டும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் உள்ள வால்வை மூடுங்கள். மீட்டர் இன்னும் ஓடினால் கசிவு மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவே, பெரும்பாலும் மண்ணுக்குள். ஓட்டம் நின்றால் வீட்டுக்குள். உள்ளே ஒவ்வொரு கிளைக்கும் வால்வு இருந்தால் பாதிப் பாதியாக மூடிப் பார்க்கலாம். எட்டுக் கிளைகள் இருந்தாலும் மூன்றே சோதனையில் குற்றவாளிக் கிளை சிக்கிவிடும். கழிவுநீர்க் குழாயில் மட்டும் இந்த முறை செல்லாது. அதில் அழுத்தம் கிடையாது, யாராவது குளிக்கும்போதுதான் தண்ணீரே ஓடும். ஆகவே எந்நேரமும் ஈரமாக இருக்கும் சுவர் என்றால் விநியோகக் குழாயையும், குளித்த பிறகு மட்டும் ஈரம் கூடினால் கழிவுக் குழாயையோ டைல்ஸ் இடுக்கையோ, மழைக்குப் பிறகென்றால் மேல்தளத்தையோ சந்தேகியுங்கள். எப்போது ஈரமாகிறது என்பதைத் தேதியோடு ஒரு தாளில் குறித்து வைத்தாலே பாதி விடை வந்துவிடும்.

அடுத்தது காது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். அழுத்தத்தோடு துளை வழியே பீறிடும் நீர் சீராக வெளியேறாது. சுழன்று கொந்தளித்து, குழாயின் சுவரை அதிர வைக்கும். அந்த அதிர்வு குழாய் வழியாகவும் உள்ளிருக்கும் நீர் வழியாகவும் இரு பக்கமும் ஓடும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் குழாயில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக் கேட்டால், அமைதியான இரவில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கேட்கும். கசிவை நெருங்க நெருங்க அது கூடும். 1870களில் லிவர்பூல் நகரப் பொறியாளராக இருந்த ஜார்ஜ் டீக்கன் ஒரு மீட்டரை உருவாக்கினார். அது இரவு நேரத்து நீரோட்டத்தைக் காகிதச் சுருளில் கோடாக வரையும். எந்தப் பகுதியில் நள்ளிரவிலும் கோடு தாழவில்லையோ, அங்கே ஆய்வாளர்கள் போய் வால்வுகளில் கோலை ஊன்றிக் கேட்டார்கள். அளந்து பார், பிரித்துப் பார், பிறகு கேள் என்ற அதே வரிசை!

ஒலியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. சத்தம் பெரிதென்றால் கசிவும் பெரிது என்பது சரியல்ல. அழுத்தம் மிகுந்த சிறு துளை சீறும். அழுத்தமே விழுந்துவிடும் அளவுக்குக் குழாய் பெரிதாக உடைந்திருந்தால் சத்தம் கம்மியாகவும் இருக்கலாம்.

இன்று இதே ஒலியை வைத்து இடத்தையே கணக்கிடுகிறார்கள். குழாயின் இரு முனைகளிலும் உணரிகளைப் பொருத்தினால், கசிவுக்கு அருகிலுள்ளது இரைச்சலை முதலில் கேட்கும். 100 மீட்டர் உலோகக் குழாய், அதில் ஒலி வினாடிக்கு 1,200 மீட்டர் வேகத்தில் செல்கிறது, இரண்டு உணரிக்கும் நேர வித்தியாசம் 0.05 வினாடி என்று வைப்போம். அந்த நேரத்தில் ஒலி 60 மீட்டர் கூடுதலாகப் போயிருக்கிறது. மிச்சம் 40 மீட்டர், அதில் பாதி 20. இரைச்சலை முதலில் கேட்ட உணரியிலிருந்து 20 மீட்டரில் தோண்டலாம். பிளாஸ்டிக் குழாயில்தான் சிக்கல். அது நெகிழ்வது, அதிர்வை விழுங்கிவிடும், ஒலியும் அதில் மெதுவாகவே போகும். அப்போது குழாயை வடித்துவிட்டு, ஐந்து சதவீதம் ஹைட்ரஜனும் 95 சதவீதம் நைட்ரஜனும் கலந்த வாயுவைச் செலுத்துவார்கள். இந்த விகிதத்தில் அது தீப்பற்றாது. மூலக்கூறுகளிலேயே மிகச் சிறியது ஹைட்ரஜன் என்பதால், துளை வழியே வெளிவந்து மண்ணையும் கான்கிரீட்டையும் கடந்து மேலே வரும். தரைமேல் வைத்த உணரி அதை மோப்பம் பிடிக்கும்.

வெப்பப் படக்கருவி சுவருக்குள் ஊடுருவிப் பார்க்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது மேற்பரப்பின் வெப்பநிலையை மட்டுமே பார்க்கிறது. ஈரச் சுவரிலிருந்து ஒரு கிராம் நீர் ஆவியாக சுமார் 2,400 ஜூல் வெப்பம் தேவை. ஒரு கிலோ சிமெண்ட் பூச்சை இரண்டரை டிகிரி குளிர்விக்க அது போதும். நல்ல கருவி பத்தில் ஒரு டிகிரி வித்தியாசத்தையே காட்டிவிடும் என்பதால், ஈரத் திட்டு குளிர்ந்த நிறத்தில் பளிச்சென்று தெரியும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் ஆவியாதல் குறைவு, அன்று படம் மங்கலாகத்தான் வரும். கசிவது வெந்நீர்க் குழாயென்றால் படம் தலைகீழ்: தரையில் ஒரு சூடான பட்டை. எங்கள் வீட்டில் வெறுங்காலோடு நடந்திருந்தால் கருவி இல்லாமலே அதைக் கண்டுபிடித்திருக்கலாம். அந்த எல்போவுக்கு மேலிருந்த தரை இதமாகச் சூடாகவே இருந்திருக்கிறது.

சரி செய்த பிறகும் எங்கள் சுவர் உடனே காயவில்லை. முதல் இரண்டு நாள் கறை இன்னும் ஒரு விரல்கடை பரவக்கூடச் செய்தது. உள்ளே தேங்கியிருந்த நீர் வெளியே வரும் வழி அதுதான். ஓர் அங்குலம் ஆழத்துக்குச் சுவர் காய ஏறத்தாழ ஒரு மாதம் என்பது கட்டட வேலை செய்பவர்களின் கைக்கணக்கு. அதனால் சரியாகிவிட்டதா என்று சுவரைப் பார்த்து முடிவு செய்யாமல், மறுபடி ஒரு இரவு மீட்டரைக் குறித்துப் பார்த்தோம். கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதினோம். மூன்றாவது வாரம் ஈரம் கோட்டுக்கு உள்ளே சுருங்கத் தொடங்கியது. புதுப் பூச்சு பூச நாலு மாதம் காத்திருந்தோம்.