ஆடியில் பிரித்து வைத்தால் கத்திரி வெயிலில் பிரசவம் வராதா?

ஆடி பிறந்தால் புதுப்பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். ஆடியில் கரு நின்றால் சித்திரையில் பிரசவம், அந்த வெயிலில் தாயும் பிள்ளையும் தவித்துப் போவார்கள் என்று காரணம் சொல்வார்கள். "டாக்டரம்மா, சித்திரை தாண்டித்தானே வரும்?" என்று விரல்விட்டு எண்ணியபடி கேட்காத மாமியார் எங்கள் ஓ.பி.யில் குறைவு.

கணக்கு தப்பில்லை. கரு உருவான நாளிலிருந்து பிரசவம் வரை சராசரியாக 266 நாள். ஆடி முதல் தேதி உருவானால் ஏப்ரல் 9 வாக்கில் பிறக்கும், ஆடிக் கடைசியில் உருவானால் மே 9 வாக்கில். சரி, பயம் வெயிலுக்குத்தானே? கத்திரி மே 4 முதல் 28 வரை. அப்போது பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய ஆகஸ்ட் 11 முதல் செப்டம்பர் 4 வரைக்குள் உருவானவை. அதாவது பெரும்பாலும் ஆவணியில்! ஆடி முழுக்கப் பிரித்து வைத்துவிட்டு ஆவணி பிறந்ததும் அழைத்து வருகிறோம். கல்யாண முகூர்த்தங்களும் அப்போதுதான் குவிகின்றன.

பிறப்புக்கும் பருவத்துக்கும் தொடர்பு உண்டா என்றால், நிச்சயம் உண்டு. உலகில் எங்கும் குழந்தைகள் 12 மாதமும் ஒரே அளவில் பிறப்பதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதல் 2014 வரை அதிகம் பேர் பிறந்த தேதி செப்டம்பர் 26. ஒன்பது மாதம் பின்னால் போனால் கிறிஸ்துமஸ் விடுமுறை. அமெரிக்காவிலோ வட மாநிலங்களைவிடத் தென் மாநிலங்களில் பிறப்பின் உச்சம் ஆண்டில் தள்ளி வருகிறது. அங்கே விடுமுறைகள் ஒன்றுதான், எனவே விடுமுறையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. (நம் ஊரில் பழைய சான்றிதழ்களை வைத்து இதை ஆராய்ந்தால் சிரிப்புத்தான் வரும். பள்ளியில் சேர்க்க வாத்தியார் போட்ட தேதிகள் மே, ஜூனில் குவிந்து கிடக்கும்.)

வெயிலும் ஒரு காரணம். அமெரிக்காவின் எண்பது ஆண்டுப் பிறப்புப் பதிவுகளைப் பார்த்த பொருளாதார ஆய்வாளர்கள், சராசரி வெப்பம் சுமார் 27 டிகிரியைத் தாண்டும் நாள்கள் கூடக்கூட, 8 முதல் 10 மாதம் கழித்துப் பிறப்புகள் குறைவதைக் கண்டார்கள். ஏ.சி. பரவிய பிறகு அந்தச் சரிவும் குறைந்தது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அந்த 27-க்கு மேல்தான். அதற்காகச் சென்னையில் பிள்ளை பிறக்காமலா இருக்கிறது? அந்த ஆய்விலேயே, குறைந்த பிறப்புகளில் ஒரு பகுதி அடுத்தடுத்த மாதங்களில் ஈடாகிவிட்டது.

இதில் ஆண்கள் பங்கை வீட்டில் யாரும் பேசுவதில்லை. விதைப்பைகள் உடலுக்கு வெளியே தொங்குவதே 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சிக்காகத்தான். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். சித்திரை வெயிலின் பாதிப்பு ஆனியில்கூடத் தெரியலாம். பரோட்டாக்கல் முன்னால் நிற்பவர், லாரி ஓட்டுபவர், மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவர் என்று யாராயிருந்தாலும், சூட்டைக் குறைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விந்துப் பரிசோதனையை மறுபடி எடுக்கச் சொல்வேன். மனைவியை மட்டும் அழைத்து வரும் குடும்பங்களிடம் முதல் கேள்வியே "அவர் எங்கே?" என்பதுதான்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வெயிலில் வேலை செய்யும் கர்ப்பிணிகளைப் பற்றி. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் 2017-இல் தொடங்கி, தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. பாதிப்பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்கள். கருக்கலைவு, குழந்தை இறந்து பிறத்தல் போன்ற ஆபத்து அவர்களுக்கு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. பிறக்கும் மாதத்தைப் பார்த்துப் பயப்படுகிறோம், சுமக்கும் மாதங்களை மறந்துவிடுகிறோம்.

சூளையிலிருந்து வரும் பெண்களிடம் "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று கேட்டால் தலை குனிவார்கள். அங்கே கழிப்பறை இல்லை, அதனால் மாலை வரை தொண்டையை நனைப்பதோடு சரி. சிறுநீர் அடர் மஞ்சளாகி, எரிச்சலும் நோய்த்தொற்றும் வந்து, ஏழாம் மாதமே வலி என்று வந்து நிற்பார்கள். இவர்களுக்குச் சித்திரை, ஐப்பசி எல்லாம் ஒன்றுதான்.

ஆகவே ஆடிக்கு அம்மா வீடு போவது சந்தோஷம் என்றால் தாராளமாகப் போகட்டும். இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு நிற்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்றுதான். முப்பத்தைந்து தாண்டியவர்கள் ஆடி, மார்கழி என்று மாதங்களைத் தள்ள வேண்டாம். ஆறு மாதம் முயன்றும் நிற்காவிட்டால் இருவருமாக வாருங்கள். கத்திரியில் நிறைமாதமாக இருப்பவர்கள் மதியம் 12 முதல் 3 வரை வெயிலில் போகாதீர்கள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர், நீர்மோர், ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். தலைச்சுற்றல், காய்ச்சல், வயிறு விட்டுவிட்டு இறுகுதல், குழந்தையின் அசைவு குறைதல் இவற்றில் எது வந்தாலும் வெயில் தணியட்டும் என்று மாலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.