மூன்று நாள் பனிச்சறுக்குப் பயணம்: உயரத்துக்குப் பழக உடலுக்கு அவகாசம் கொடுங்கள்

பொங்கல் விடுமுறை தொடங்கிப் பிப்ரவரி இறுதி வரை, பாளையங்கோட்டையில் நான் நோயாளிகளைப் பார்க்கும் இடத்துக்கு, "காஷ்மீர்ல பனிச்சறுக்கு விளையாட குல்மார்க் போறோம் டாக்டர், குளிருக்கு ஏதாவது மாத்திரை எழுதித் தாங்க" என்று கேட்டு வருகிறவர்கள் சில ஆண்டுகளாகவே கூடி வருகிறார்கள். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் பயணச்சீட்டு எடுத்து, பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். அது மகிழ்ச்சிக்குரியது. குளிரைச் சமாளிக்க நல்ல உடைகள் கிடைக்கின்றன. அவர்கள் காட்டும் பயணத் திட்டத்தில் என்னை உறுத்துவது, ஏறும் உயரமும் அந்த உயரத்தை எட்டும் வேகமும்தான்.

கடல்மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர் உயரம்கூட இல்லாத நெல்லையிலிருந்து காலையில் கிளம்பி, வாகைக்குளத்தில் விமானம் ஏறி, சென்னை, டெல்லி வழியாக இரவுக்குள் ஸ்ரீநகர் சேர்ந்தால் அங்கேயே சுமார் 1,600 மீட்டர். மறுநாள் காலை குல்மார்க், 2,650 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அன்று பிற்பகலே கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டத்தில் ஏறி, ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரமுள்ள அஃபர்வட் மலைச் சரிவில் நிற்கிறார்கள். நம் அகத்தியர் மலையின் உச்சி 1,868 மீட்டர். அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான உயரத்தை இரண்டே நாளில் எட்டிவிடுகிறார்கள்.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் 21 சதவீதம்தான். ஆனால் உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால், 4,000 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதமே. இதை ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சு விடுகிறது. அப்படி விடும்போது இரத்தத்தின் காரத்தன்மை கூடுவதால், அதைச் சரிசெய்யச் சிறுநீரகங்களுக்கு இரண்டு மூன்று நாட்கள் தேவைப்படுகின்றன. மூன்று நாள் பயணத்தின் சிக்கலே இதுதான்: உடல் பழகி முடிக்கும் வேளையில் நாம் திரும்பி வர விமான நிலையத்தில் நின்றுகொண்டிருப்போம்.

2,500 மீட்டருக்கு மேல் போய்த் தங்குகிறவர்களுக்கு, போய்ச் சேர்ந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தலைவலி, குமட்டல், பசியின்மை, அயர்ச்சி, தூக்கமின்மை ஆகியவை தோன்றலாம். "அலைச்சல்தான், சாப்பாடு ஒத்துக்கல" என்று பலரும் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். உயரமான இடத்தில் தலைவலி வந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அது உயரத்தால் வந்ததென்றே கொள்ள வேண்டும். நாள்தோறும் தாமிரபரணியில் நீந்துகிறவருக்கும் கபடி ஆடுகிறவருக்கும்கூட இதிலிருந்து விலக்கில்லை. உடல்வலிமை இதற்குக் காப்பாகாது. சொல்லப்போனால், திடமான இளைஞர்களே வலியைப் பொறுத்துக்கொண்டு மேலும் ஏறுகிறார்கள்.

ஆகவே முதல் இரவு ஸ்ரீநகரில் தங்குங்கள். இரண்டாம் நாள் குல்மார்க்கின் அடிவாரச் சரிவிலேயே சறுக்கப் பழகுங்கள். மூன்றாம் நாள் தலைவலி இல்லையென்றால் மட்டும் இரண்டாம் கட்டத்துக்குப் போகலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சரிவுகள் கீழேதான் இருக்கின்றன. மேலே இருப்பவை தேர்ந்தவர்களுக்கானவை. அவர்களுக்கும் அங்கே ஆபத்து உண்டு: 2023 பிப்ரவரியில் அஃபர்வட் பகுதியில் நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் உயிரிழந்தனர்.

கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்தால் மூச்சு சீராகும் என்று நம்பி எடுத்துச் செல்கிறார்கள். அதனால் ஆக்சிஜன் துளியும் கூடாது. கடைகளில் விற்கும் ஆக்சிஜன் கேன் சில நிமிடங்களுக்கே வரும். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர், விறைத்த விரலில் தவறான அளவைக் காட்டக்கூடும். வேகமாக ஏறியே தீர வேண்டியவர்களுக்கு அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உதவும். ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாமை, சிறுநீரக நோய் ஆகியவற்றை விசாரித்து மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்து அது. மதுவும் தூக்க மாத்திரையும் மேலே போன முதல் இரண்டு இரவுகளாவது வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகளுக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பயணம் முடிந்து நான்காம் நாள் என்னிடம் வந்த ஓர் அண்ணாச்சியின் வலது கால் பெருவிரல் நுனியில் கருநீலக் கொப்புளம் இருந்தது. வாடகைக்கு எடுத்த சறுக்குக் காலணி இறுக்கமாக இருந்திருக்கிறது. குளிருக்காக உள்ளே இரண்டு சாக்ஸ் வேறு போட்டிருந்தார். "வலிக்கவே இல்ல டாக்டர், அப்புறம் எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பல ஆண்டு சர்க்கரையால் பாத நரம்புகள் மரத்துப் போனவருக்குக் குளிரும் உறைக்காது, அழுத்தமும் உறைக்காது. விரல் தப்பியது, ஆனால் ஆற இரண்டு மாதம் பிடித்தது. இப்படிப்பட்டவர்கள் சறுக்கும்போது மணிக்கொரு முறை காலணியைக் கழற்றி விரல்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். நிறம் மாறியிருந்தால் பனியால் தேய்ப்பதோ நெருப்பில் காட்டுவதோ கூடாது; உணர்ச்சியற்ற தோல் எளிதில் வெந்துவிடும். இன்சுலின் உறைந்தால் பயன்படாது, ஆகவே உள்சட்டைப் பையில் உடலை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை எடுப்பவர்கள் பசியின்றி, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் கூடலாம். புறப்படும் முன்பே அதைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்மையில் நெஞ்சுவலி வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், இரத்தசோகை மிகுந்தவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் பயணச்சீட்டே எடுக்க வேண்டாம்.

அறையைச் சூடாக்கும் கருவியைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை, நானாகவே சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், நமக்கு அண்டையிலுள்ள கேரளத்தைச் சேர்ந்த எட்டுச் சுற்றுலாப் பயணிகள், குழந்தைகள் நால்வர் உட்பட, கேஸ் ஹீட்டர் எரிந்த மூடிய அறையில் இறந்து போனார்கள். கரியோ எரிவாயுவோ எரியும் அறையில் கதவையும் சன்னலையும் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு சேர்கிறது; அதற்கு மணம் கிடையாது. அது தரும் தலைவலியும் குமட்டலும் உயரத்தால் வரும் தொல்லையைப் போலவே இருப்பதால் ஏமாந்துவிடுவோம். அறையில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலித்தால் உடனே வெளியேறுங்கள். தூங்கப் போகும் முன் கருவியை அணைத்துவிடுங்கள்.

தலைவலி மட்டும் இருந்தால் அதே உயரத்தில் ஓய்வெடுக்கலாம். குறையும் வரை மேலே ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும் இருமலும் நுரையீரலில் நீர் கோப்பதன் அறிகுறிகள். பேச்சுக் குழறினாலோ, குதிகாலும் கால்விரலும் ஒட்டும்படி நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ, மூளை வீங்குகிறது என்று கொள்ள வேண்டும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல், விடுதியினரிடம் சொல்லி ஆக்சிஜனுக்கும் வண்டிக்கும் ஏற்பாடு செய்து, சுமார் 13 கிலோமீட்டர் கீழே உள்ள தங்மார்க்குக்கும், அங்கிருந்து ஸ்ரீநகரில் உள்ள பெரிய மருத்துவமனைக்கும் நோயாளியை இறக்கிக் கொண்டுபோய்விட வேண்டும்.