சூனியமா, இன்மையா?

எதுவுமே இல்லாதிருந்திருக்கலாம், அப்படியிருக்க, ஏதோ ஒன்று இருப்பது ஏன்? இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக 1714-இல் எழுதி வைத்தவர் ஜெர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸ். இல்லாமைதான் எல்லாவற்றிலும் எளியது, எனவே இருப்பதற்குத்தான் காரணம் சொல்லியாக வேண்டும் என்பது அவருடைய வாதம். இன்னொரு ஜெர்மானிய மெய்யியலாளர் ஹைடெக்கர் 1929-இல் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய தொடக்கவுரையை இதே கேள்வியோடு முடித்தார். தமிழில் இதை எழுதப் புகும் பலர் "சூனியத்துக்கு மாறாக ஏன் இந்தப் பிரபஞ்சம்?" என்று எழுதிவிடுகிறோம். கேள்வியின் பாரம் முழுவதும் 'எதுவும் இல்லாமை' என்ற ஒரே கருத்தின் மீது நிற்கிறபடியால், அந்தப் பாரத்தைச் சூனியம் என்ற சொல் தாங்குமா என்று பார்த்தாக வேண்டும்.

சூனியம் வடசொல். 'வீங்குதல்' என்று பொருள்படும் வேரிலிருந்து அது பிறந்தது என்பது சொல்லாய்வாளர் பெரும்பாலோர் கொள்வது. வீங்கிய பொருள் உள்ளே பொள்ளலாக இருக்கும் என்பதால் 'வெறுமை' என்ற பொருள் வந்தது. ஆக, பிறப்பிலேயே இந்தச் சொல்லுக்கு ஒரு மேலோடு உண்டு. உள்ளே ஒன்றும் இல்லை, வெளியே ஏதோ ஒன்று சூழ்ந்திருக்கிறது. கணிதத்தில் அது சுழியத்தின் பெயராயிற்று. 628-இல் பிரம்மகுப்தர் சுழியத்தைக் கூட்டவும் கழிக்கவும் விதிகள் வகுத்தார். அரபியர் சூனியத்தைத் தம் மொழியில் 'வெறுமை' என்று பொருள்படும் 'ஸிஃப்ர்' என்ற சொல்லால் பெயர்த்துக்கொள்ள, அது ஐரோப்பிய மொழிகள் வழியாகச் சுற்றி வந்து 'சைபர்' என்று நம் வாயில் ஏறியது. வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் கணக்குப் பார்க்கும் முதியவர்கள் இன்றும் சைபர் என்பார்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் சுன்னா என்பார். ஒரே கருத்து இரண்டு வழியில் வந்து ஒரே தெருவில் குடியிருக்கிறது. பில்லி, சூனியம் என்று சொல்லும்போது வருகிற பொருள் வேறு. அது நம் கேள்விக்கு வேண்டியதில்லை.

மெய்யியலுக்குள் வரும்போது சூனியம் இன்னும் விலகிப் போகிறது. பௌத்தப் பேராசான் நாகார்ஜுனர் எல்லாம் சூனியம் என்றபோது எதுவும் இல்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றும் பிறவற்றைச் சார்ந்தே தோன்றுவதால் தனக்கென்று ஒரு தன்னியல்பு அதற்கு இல்லை என்பதே அவர் சொன்னது; 'உண்டு', 'இல்லை' என்ற இரு முடிவுகளையும் அவர் ஏற்கவில்லை. சைவ சித்தாந்தத்திலும் இதே கதைதான். மெய்கண்டாரின் சிவஞானபோதம் ஏழாம் நூற்பா "யாவையும் சூனியம் சத்தெதிர்" என்று தொடங்குகிறது. உலகம் இல்லாமற்போகிறது என்பது இதன் பொருளன்று. சத்தாகிய, அதாவது என்றும் உள்ள பொருளாகிய, இறைவன் முன்னிலையில் அது விளங்கித் தோன்றாது என்பதே கருத்து, ஏனென்றால் சித்தாந்திக்கு உலகம் உள்பொருள். ஆக, பௌத்தருக்கும் சரி, சைவருக்கும் சரி, சூனியம் என்பது லைப்னிட்ஸ் கேட்ட முழு இல்லாமை அன்று.

'பாழ்' என்ற தமிழ்ச்சொல்லை வைக்கலாமே என்று கேட்பார்கள். அழகான சொல், பழமையான சொல். பரிபாடலின் இரண்டாம் பாட்டு, உலகமும் மண்ணும் பாழ்பட்டபின் விசும்பும் வளியும் தீயும் நீரும் நிலமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிய ஊழிகளைப் பாடுகிறது. ஆனால் பாழ் என்பது முன்பு இருந்த ஒன்று கெட்டழிந்த நிலை. பாழ்பட ஏதாவது இருந்தாக வேண்டும். எங்கள் பக்கத்துத் திருவொற்றியூருக்கு ஆதிபுரி என்றும் பெயர் உண்டு. ஊழி வெள்ளத்தை இறைவன் ஒற்றி விலக்கிய இடம் என்பது தலபுராணம். அந்த ஆதியிலும் வெள்ளம் இருக்கிறது, ஒற்றுகிறவன் இருக்கிறான். தோற்றக் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் நடுவிலிருந்து தொடங்குகின்றன. அதில் குறையொன்றும் இல்லை. அவை கேட்கும் கேள்வி வேறு.

'வெற்றிடம்', 'வெறுவெளி' என்பவையும் போதா. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்களில் பாதி காலி கன்டெய்னர்கள். கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே சரக்கு இல்லை. ஆனால் நெளிநெளியான இரும்புச் சுவர், பலகைத் தரை, காற்று, வெளியே பெயின்டில் எழுதிய எண், கடலுப்பு தின்ற மூலைகள் எல்லாம் இருக்கின்றன. சரக்கை எடுப்பது எளிது. லைப்னிட்ஸின் கேள்விக்குப் பெட்டியை எடுக்க வேண்டும், சாலையை எடுக்க வேண்டும், கடலையும், அவை இருந்த இடத்தையும், காலத்தையும், எண்ண முனையும் நம்மையும் எடுக்க வேண்டும். இயற்பியலாளர் சொல்லும் வெற்றிடமும் காலிப் பெட்டியின் வகையைச் சேர்ந்ததுதான். வெற்றிடத்தில் நெருக்கமாக வைத்த இரு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று காசிமிர் 1948-இல் கணித்தார். பின்னர் அது அளந்தும் காட்டப்பட்டது. அங்கே புலங்கள் உள்ளன, விதிகள் உள்ளன. 1973-இல் எட்வர்ட் டிரையன் பேரண்டமே ஒரு வெற்றிட அலைவாக, அதாவது வெற்றிடத்தில் தானே எழும் ஏற்றத்தாழ்வாக, இருக்கலாம் என்று முன்மொழிந்தார். அது உண்மையானாலும், அந்த வெற்றிடமும் அதன் விதிகளும் ஏன் இருந்தன என்ற கேள்வி அப்படியே நிற்கும். "ஒன்றுமில்லாததிலிருந்து உலகம் வந்ததை அறிவியல் காட்டிவிட்டது" என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதற்குப் பாதிக் காரணம் சொற்குழப்பம்.

பொருந்தும் சொல் 'இன்மை'. இல் என்ற அடியும் மை என்ற பண்புப்பெயர் ஈறும் சேர்ந்தது. தொல்காப்பியர், காலத்தை வெளிப்படையாகக் காட்டாத குறிப்பு வினைகளைச் சொல்லும்போது "அன்மையின் இன்மையின் உண்மையின் வன்மையின்" என்று அடுக்குகிறார். இந்த ஓர் அடியில் நமக்கு வேண்டிய நுட்பம் எல்லாம் இருக்கிறது. அன்மை வேறு, இன்மை வேறு: 'இது குடம் அன்று' என்றால் வேறு ஏதோ ஒரு பொருள் இருக்கிறது, 'குடம் இல்லை' என்றால் குடமே இல்லை. இன்றைய பேச்சில் இரண்டுக்கும் 'இல்ல' என்ற ஒன்றையே வழங்குகிறோம், சென்னையில் அல்ல என்ற சொல் ஏறக்குறைய மறைந்தேவிட்டது; எழுத்திலாவது இந்த வேறுபாட்டைக் காக்க வேண்டும் என்று நான் அழுத்தமாகக் கருதுகிறேன். மணிமேகலையும் அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, எண்ணும் இடத்தில் 'அபாவம்' என்ற வடசொல்லை 'இன்மை' என்றே விளக்குகிறது. குறளில் இன்மை என்றால் வறுமை. "இன்மையின் இன்னாதது யாதெனின்" என்று கேட்டு, இன்மையைப்போல் துன்பம் தருவது இன்மையே என்கிறார் வள்ளுவர். கையில் ஒன்றும் இல்லாமை என்ற அந்தப் பொருளிலிருந்து எதுவுமே இல்லாமைக்கு விரிவது தமிழுக்கு இயல்பான நீட்சி.

இன்மைக்கும் ஒரு தடை உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இன்மை என்றால் எதன் இன்மை என்ற கேள்வி கூடவே வரும். நம்மாழ்வார் "உளன் எனில் உளன்" என்று தொடங்கி, "உளன் அலன் எனில்" அருவமாக அவன் உளன் என்கிறார். எல்லாம் சூனியம் என்னும் சூனியவாதியை மறுக்கும் பாட்டாக இதைக் கொள்ளும் வைணவ உரையாசிரியர்கள், 'இல்லை' என்பதும் உள்ள ஒன்றின் வேறு நிலையையே சுட்டும் என்பார்கள்: குடம் இல்லை என்றால் உடைந்த ஓடு இருக்கிறது. பிரெஞ்சு மெய்யியலாளர் பெர்க்சன் 1907-இல் ஏறத்தாழ இதே வழியில் சென்று, முழு இன்மை என்பது எண்ணிப்பார்க்கவே இயலாத போலிக் கருத்து என்று முடித்தார். அவர்கள் சொல்வது சரியானால் லைப்னிட்ஸின் கேள்வியே கரைந்துவிடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொன்றும் இல்லாதிருக்கக் கூடுமானால் அனைத்தும் இல்லாதிருக்கக் கூடாதா என்று கேட்பதில் முரண் இல்லை. மனத்தால் படம் பிடிக்க முடியாதது வேறு, இருக்க முடியாதது வேறு.

இன்மைக்கு எதிர்ச்சொல்லாகத் தொல்காப்பியர் வைத்தது உண்மை. உள் என்ற அடியில் பிறந்த அதற்கு உளதாந்தன்மை, அதாவது உள்ளதாக இருக்கும் தன்மை, என்பதே அங்குள்ள பொருள். இன்று அது வாய்மை என்ற பொருளில் நிலைத்துவிட்டபடியால், அப்படியே எழுதினால் வாசகர் தடுமாறுவார். 'இருப்பு' என்றால் கிடங்குக் கணக்கில் மிச்சமுள்ள சரக்கு நினைவுக்கு வரும். மேலும் இரு என்பது ஓரிடத்தில் தங்குதலையும் குறிப்பது. ஆகவே மெய்யியலில் எழுதும்போது 'உளதாதல்' என்று சொல்லி, முதல் முறை வருமிடத்தில் பழைய பொருளில் 'உண்மை' என்று அருகே குறித்துவிட்டால் போதும். கேள்வியை அப்போது இப்படி எழுதலாம்: முழு இன்மை கூடியதாயிருக்க, உளதாதல் ஏன்?