ஆலோசகர்மேல் ஏன் திடீர்க் கோபம்?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கல்லூரி ஒன்றில் மாணவர் ஆலோசகராக இருப்பவர். நான்கு வாரமாக ஒரு மாணவி வந்து மனம்விட்டுப் பேசியிருக்கிறாள். "எங்க அம்மாகிட்டகூட இவ்வளவு பேசினதில்ல மேடம்" என்றும் சொல்லியிருக்கிறாள். ஐந்தாம் வாரம் கனமழை, மாவட்டம் முழுக்க விடுமுறை, அமர்வு நடக்கவில்லை. அடுத்த வாரம் வந்தவள் முகங்கொடுத்தே பேசவில்லை. எழுந்து போகும்போது, "நீங்களும் அப்படித்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாளாம். மழைக்கு நான் பொறுப்பா, இதில் என் தவறு என்ன என்று கேட்கிறார் வாசகி.

அந்த வாக்கியத்தில் இருக்கும் 'உம்'மைக் கவனியுங்கள். அவளுக்கு முன்பே யாரோ ஒருவர் அப்படி இருந்திருக்கிறார். அவர்மேல் இருந்த உணர்வு இப்போது ஆலோசகர்மேல் வந்து இறங்கியிருக்கிறது. உளவியலில் இதை டிரான்ஸ்ஃபரன்ஸ் என்கிறார்கள்; உணர்வு இடமாற்றம் என்று தமிழில் சொல்லலாம். வியன்னாவில் உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய பிராய்ட் இதை 1895-லேயே குறிப்பிட்டுவிட்டார். டோரா என்று அவர் பெயர் மாற்றி எழுதிய இளம்பெண் பதினொரு வாரத்தில் சிகிச்சையை முறித்துக்கொண்டு போனாள். அவள் தன்மேல் ஏற்றிவைத்த உணர்வை உரிய நேரத்தில் கவனிக்கத் தவறியதே காரணம் என்று 1905-இல் அவரே எழுதினார்.

பிராய்டின் கோட்பாடுகளில் பல இன்று நிற்கவில்லை. இது நின்றதற்குக் காரணம், இதைப் பரிசோதனைக் கூடத்தில் உண்டாக்கிக் காட்ட முடிந்திருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் சூசன் ஆண்டர்சன் குழு 1990-களில் செய்த அந்தச் சோதனைகளை விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதல் நாள் ஒருவரிடம், உங்கள் வாழ்க்கையில் முக்கியமான ஒருவரைப் பற்றிச் சின்னச் சின்ன வாக்கியங்கள் எழுதுங்கள் என்பார்கள். அவர் தன் அம்மாவைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார், யார் வந்தாலும் சாப்பிடச் சொல்வார், கூட்டம் பிடிக்காது, இப்படி. சில வாரங்கள் கழித்து, தொடர்பில்லாத வேறொரு ஆய்வு என்று சொல்லி அவரையே மறுபடி அழைப்பார்கள். பக்கத்து அறையில் புதியவர் ஒருவர் இருக்கிறார், அவரைப் பற்றிய குறிப்புகள் இவை, படியுங்கள் என்பார்கள். குறிப்புகளுக்கு நடுவே, அவரே எழுதிக்கொடுத்த அம்மாவின் குணங்களில் சில செருகப்பட்டிருக்கும். சில மட்டும், மீதியை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள்.

பிறகு நினைவுச் சோதனை. இந்த வாக்கியத்தைப் படித்தீர்களா, எவ்வளவு உறுதியாகச் சொல்வீர்கள்? படித்ததை நினைவு வைத்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் விட்டுவைத்த குணங்களையும், அதாவது குறிப்பில் இல்லவே இல்லாத அம்மாவின் குணங்களையும், படித்ததாகவே கூடுதல் உறுதியோடு சொன்னார்கள். ஒருவர் எழுதிய குணங்களை முன்பின் தெரியாத இன்னொருவருக்குக் கொடுத்தும் ஒப்பிட்டார்கள். அவருக்கு இந்த மயக்கம் அந்த அளவுக்கு வரவில்லை. ஆக, காரணம் வாக்கியங்களில் இல்லை. நெருங்கிய ஒருவரைப் பற்றிய நினைவுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன; ஒரு நூலை இழுத்தால் மற்றவையும் சேர்ந்து வருகின்றன. வெற்றிடத்தை மூளை நிரப்புகிறது, நிரப்பியதை நேரில் கண்டதாகவே நம்புகிறது.

நினைவோடு முகமும் மாறுகிறது. பிரியமானவரைப் போன்ற ஒருவரின் குறிப்பைப் படிக்கும்போதே படிப்பவரின் முகம் மலர்வதை 1996-இல் பதிவு செய்தார்கள். 2000-இல் பெர்க்கும் ஆண்டர்சனும் இன்னும் ஒரு படி போனார்கள். இருவரை ஒலிவழியாக மட்டும் பேசவைத்தார்கள். மறுமுனையில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. தன் பிரியமானவரின் குணங்கள் செருகிய குறிப்பைப் படித்துவிட்டு முதலாமவர் அவரோடு பேசியபோது, ஒன்றுமறியாத அந்த மறுமுனையாளரின் பேச்சிலும் இனிமை கூடியது! நாம் எதிர்பார்க்கும் ஆளாகவே எதிரில் இருப்பவரை நம்மையறியாமல் ஆக்கிவிடுகிறோம். ஆலோசகர்கள் இந்த முடிவை மறக்கவே கூடாது.

முன்பின் பார்க்காத ஒருவரிடம் ஏற்படும் ஈர்ப்பைப் பூர்வஜென்ம பந்தம் என்றும், அது அளவு மீறினால் வசியம் வைத்துவிட்டார்கள் என்றும் சொல்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. எங்கேயோ பார்த்த உணர்வு உண்மைதான். பார்த்தது இந்த ஜென்மத்தில், பெரும்பாலும் நம் வீட்டிலேயே. வசியம் எடுக்கக் கயிறும் தகடும் விற்பவரிடம் பணத்தைக் கொட்டும் குடும்பங்களுக்கு இதை யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன சோதனைகளுக்கு ஸ்கேன் கருவி தேவையில்லை. இரண்டு அறை, காகிதம், பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் போதும். முன்பின் தெரியாதவரையும் அக்கா, அண்ணா, அம்மா என்று உறவு சொல்லியே அழைக்கும் நம் ஊரில் இந்த நிரப்பல் எப்படி நடக்கிறது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ புதுவைப் பல்கலைக்கழகமோ தமிழிலேயே ஆராய்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். இதற்கு நிதி ஒதுக்குவதை வீண் செலவு என்று எவரும் சொல்ல முடியாது.

சரி, அறைக்குள் என்ன செய்வது?

முதலில் அமர்வின் சட்டகம் உறுதியாக இருக்க வேண்டும். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், 45 அல்லது 50 நிமிடம், வாட்ஸ்அப்பில் நேரம் மாற்றுவதைத் தவிர வேறு பேச்சு இல்லை. இது வெறும் கண்டிப்பு என்று நினைக்க வேண்டாம். ஆலோசகர் ஒரு நாள் அரை மணி நேரமும் மறுநாள் ஒன்றரை மணி நேரமும் பேசினால், எதிரில் இருப்பவரின் கோபம் பழைய இடத்திலிருந்து வருகிறதா, ஆலோசகரின் தாறுமாறிலிருந்து வருகிறதா என்று பிரித்தறிய வழியே இருக்காது.

அடுத்து, நிஜக் காரணத்தைப் பாருங்கள். மழை நாளில் அமர்வு இல்லை என்று அந்த மாணவிக்கு யாராவது தகவல் சொன்னார்களா? சொல்லவில்லை என்றால் கோபத்தில் நியாயம் இருக்கிறது. "தகவல் சொல்லாதது என் தவறு" என்று முதலில் சொல்லிவிட வேண்டும். எல்லாக் கோபத்தையும் டிரான்ஸ்ஃபரன்ஸ் கணக்கில் எழுதுகிற ஆலோசகர், தன் பிழைகளை வந்தவர் தலையில் கட்டுகிறார்.

நிஜக் காரணத்தைக் கழித்த பிறகும் உணர்வின் அளவு பெரிதாக நின்றால், அங்கே வேலை இருக்கிறது. தெரிய வாய்ப்பில்லாததை உறுதியாகச் சொல்வது இன்னொரு அடையாளம். "நீங்க மனசுக்குள்ள என்னைத் திட்டுறீங்க" என்பது போல.

அப்போது விளக்கம் சொல்லாதீர்கள், கேளுங்கள். கண்ணால் கண்டதில் தொடங்கலாம்: "போன வாரம் நாம பார்க்க முடியல. இன்னைக்கு நீங்க அதிகம் பேசல. அந்த வாரம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" பிறகு, "நான் எதனால வரலன்னு தோணுச்சு?" இந்தக் கேள்விதான் சாவி. வெற்றிடத்தை அவள் எதைக் கொண்டு நிரப்பினாள் என்பது இதற்கான பதிலில்தான் வரும். கடைசியாக, அவள் தயாராக இருந்தால் மட்டும்: "இதே மாதிரி வேற யார்கிட்டயாவது தோணியிருக்கா?" பதில் உடனே வராவிட்டால் விட்டுவிடுங்கள். "நீ என்னை உன் அம்மாவாகப் பார்க்கிறாய்" என்று ஆலோசகரே முந்திக்கொண்டு அறிவித்தால், வந்தவருக்கு அது குற்றச்சாட்டாகத்தான் கேட்கும்.

அளவும் முக்கியம். நார்வேயில் ஹோக்லெண்ட் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 100 பேருக்கு ஓராண்டு வாரம் ஒரு அமர்வு நடந்தது. குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவில் மட்டும் இப்படி ஆலோசகரோடு உள்ள உறவையே பேச்சுக்கு எடுத்தார்கள், அதுவும் மிதமான அளவில். மொத்தத்தில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க உறவுகள் சரியாக அமையாதவர்களுக்கு இந்த முறை தெளிவாகக் கூடுதல் பலன் தந்தது. உறவுச் சிக்கல் அதிகம் உள்ளவர்களிடம் இதைத் தொடவே கூடாது என்ற பழைய எச்சரிக்கைக்கு நேர் எதிரான முடிவு இது. ஓர் அமர்வில் ஒன்றிரண்டு முறை போதும். திரும்பத் திரும்பக் குடைந்தால் வந்தவர் நின்றுவிடுவார்.

ஆலோசகரின் மனத்திலும் எதிர் உணர்வு எழும். நேரம் முடிந்தும் எழ மனமில்லாமை, குறிப்பிட்ட ஒருவர் வரும் நாளில் மட்டும் சலிப்பு, கேட்காமலே அறிவுரை வழங்கும் வேகம். 1950-இல் உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமன் இதை வந்தவரைப் புரிந்துகொள்ளும் கருவியாகப் பார்க்கலாம் என்றார். ஒலிவழிச் சோதனையை நினைத்தால் அவர் சொன்னது விளங்கும்: உங்களைக் கண்டிப்பான அம்மாவாக அவள் எதிர்பார்த்தால், அரை மணி நேரத்தில் உங்கள் குரலில் கண்டிப்பு ஏறியிருக்கக்கூடும். ஆனாலும் உங்கள் சலிப்புக்கு நேற்று தூங்காததும் காரணமாகலாம். பிரித்துப் பார்க்க மூத்த ஆலோசகர் ஒருவரின் மேற்பார்வை கட்டாயம் வேண்டும்.

வந்தவரின் உணர்வு ஆலோசகர்மேல் காதலாக வெளிப்பட்டால் பதற வேண்டாம். அடக்கிக்கொள் என்பதும் தவறு, இணங்குவதும் தவறு என்று பிராய்ட் 1915-லேயே சொன்னார். "இதைச் சொல்ல உங்களுக்குத் தைரியம் வேணும். நமக்குள்ள வேற உறவு எப்பவும் வராது. ஆனா இந்த உணர்வைப் பத்தி இங்க பேசலாம்" என்ற மூன்று வாக்கியம் போதும். அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லிக் குறிப்பேட்டிலும் எழுதிவிட வேண்டும்.

பண்ருட்டியிலிருந்து வருபவர் பலாப்பழம் கொண்டுவந்தால் முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவேண்டாம். நன்றி சொல்லி வாங்கி எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டு, அதைக் கொண்டுவரத் தோன்றியது எப்போது என்று கேளுங்கள். தங்கமோ பணமோ என்றால் மறுத்தே ஆக வேண்டும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்பதையும் முதல் அமர்விலேயே பேசி வையுங்கள்: நீங்கள் பேசினால் நானும் பேசுவேன், கடந்து போனால் நானும் கடந்து போவேன்.

ஒப்பந்த வேலை முடிந்து ஆலோசகர் மாறும்போதுதான் பலருக்கும் பழைய கைவிடல் கிளறப்படுகிறது. குறைந்தது நான்கு அமர்வுக்கு முன்பே தேதியைச் சொல்லுங்கள். மீதமுள்ள ஒவ்வொரு அமர்விலும் அதைப் பற்றிக் கொஞ்சமாவது பேசுங்கள். கடைசி அமர்வில், அவர் சம்மதித்தால், அடுத்து வரும் ஆலோசகரை அதே அறையில் நேரில் அறிமுகப்படுத்துங்கள்.