எந்த வேலையை எந்த நேரத்தில் செய்வது?

குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். இரவில் இலைகள் வழியே நீர் அதிகம் ஆவியாவதில்லை. அதனால் பட்டைக்குள் உள்ள பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது கத்தி பட்டால் பால் தாராளமாக ஓடிச் சிரட்டையில் விழும். வெயில் ஏறியபின் வெட்டினால் அதே மரம் குறைவாகவே தரும்.

மூளைக்கும் இப்படி நேரம் உண்டு. கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு கொத்து நம் உடல் கடிகாரத்தை நடத்துகிறது. காலை வெளிச்சத்தைக் கொண்டு அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. எழுந்ததும் சற்று நேரம் மந்தம். பிறகு உடல் வெப்பம் ஏற ஏற விழிப்பும் கூடும். பலருக்கு முற்பகலில் கவனம் நன்றாக நிற்கிறது. பிற்பகல் 1 மணி முதல் 3 மணிக்குள் ஒரு சரிவு வரும்; மதியம் சாப்பிடாதவர்களுக்கும் வரும். ஆகவே நாகர்கோவிலில் அரசுத் தேர்வுக்குப் படிப்பவர் கணக்கை முற்பகலில் போடட்டும்; மின்கட்டணம் கட்டுவதையும் வடசேரி சந்தைக்குப் போவதையும் பிற்பகலுக்குத் தள்ளட்டும். இரவில்தான் தெளிவு பிறக்கும் என்பவர்கள் தங்கள் உடலின் கணக்கையே நம்பலாம்.

அந்த நல்ல நேரத்தைத்தான் நாம் செல்போனுக்குத் தாரை வார்க்கிறோம். எனக்கு இது பெரிய வருத்தம். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினால், மனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று 2009இல் ஆய்வாளர் சோஃபி லெராய் காட்டினார். எழுந்தே ஆகவேண்டிய நிலை வந்தால், ‘எங்கே நிறுத்தினேன், அடுத்து என்ன’ என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போவது அந்த இழுப்பைக் குறைக்கும் என்பதும் அவரது பிற்கால ஆய்வில் தெரிந்தது.

நேரத்தைக் குறைவாக மதிப்பிடுவதும் எல்லோருக்கும் உள்ள இயல்பு. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள். 55 நாள் ஆயிற்று. எல்லாம் தடையின்றி நடக்கும் என்றே மனம் கற்பனை செய்கிறது. சென்ற முறை உண்மையில் எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறித்து வைத்து, அந்த எண்ணை வைத்தே அடுத்த நாளைத் திட்டமிடுங்கள்.