கண்ணாடி முகப்பு: சொந்த ஆளா, சப் காண்ட்ராக்டா?

கோவை அவிநாசி ரோட்டு ஷோரூம் ஆகட்டும், திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆபீஸ் ஆகட்டும், இன்று முகப்பு என்றாலே கண்ணாடிதான். கட்டடத்தை எடுத்த காண்ட்ராக்டர், "இதையும் நம்ம ஆளுங்களை வெச்சே முடிச்சுடலாமே" என்று சதுரடி ரேட்டைக் கணக்குப் போடுகிறார். ரேட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியது, அளவு தப்பினாலும் தண்ணீர் ஒழுகினாலும் யார் தலையில் விழும் என்பதை.

உள் பார்ட்டிஷன், தரைத்தளக் கதவு இவற்றைச் சொந்த ஆட்களே செய்யலாம். கண்ணாடியின் எடை, 1 மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 12 மி.மீ. கனத்தில் 3க்கு 7 அடிக் கதவு ஏறக்குறைய 58 கிலோ வரும். அந்த எடையைத் தாங்கி, கதவைத் தானாக மூடவைக்கும் ஃப்ளோர் ஸ்ப்ரிங் பெட்டியைக் கிரானைட் போடுவதற்கு முன்பே புதைத்துவிட வேண்டும். மறந்தால் புதுக் கிரானைட்டை அறுக்க வேண்டியதுதான்.

பணம் அதிகம் கரைவது அளவில்தான். டஃபன் செய்த, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடியை அறுக்கவும் முடியாது, துளை போடவும் முடியாது. அரை நூல் கூடினாலும் மறுபடி ஆர்டர்தான். வரைபடத்தைப் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். பூச்சு முடிந்தபின் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அகலம் எடுங்கள், இரு மூலைவிட்டமும் எடுங்கள், தூண் சாய்வைத் தூக்குகுண்டு விட்டுப் பாருங்கள். சப் காண்ட்ராக்டரே அளவெடுத்தாலும் நீங்களும் கூட நின்று கையெழுத்துப் போடுங்கள்.

மாடிகளுக்கு ஏறும் ஸ்ட்ரக்சுரல் கிளேசிங் (கண்ணாடியைச் சட்டத்தில் சிலிக்கோனால் ஒட்டும் முகப்பு) என்றால் எங்கள் கருத்து ஒன்றுதான்: அதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 மூன்றாம் பாகப்படி கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். மற்ற காரணிகளைச் சேர்க்காமலே இது சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ அழுத்தம். அந்த விசை முழுவதையும் சட்டத்துக்குக் கொண்டுபோவது விளிம்பில் இருக்கும் சிலிக்கோன் பட்டைதான். ஒட்டும் இடத்தை ஒரு துணியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஒரே துணி என்றால் அழுக்கு இடம் மாறும், அவ்வளவே. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று மண்ணை வாரி இறைக்கும்போது சாரத்தில் நின்று இதைச் செய்ய முடியாது. பட்டறையில் ஒட்டி, முழுதாக இறுகிய பிறகு கொண்டுவருபவரையே பிடியுங்கள்.

கண்ணாடி ஒருவர், செக்‌ஷன் (அலுமினியச் சட்டம்) ஒருவர், லேபர் ஒருவர் என்று பிரித்துக் கொடுப்பது மலிவாகத் தெரியும். ஒழுகும் நாளில் மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். ஸ்லாப் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள சந்து இன்னும் மோசம். சிவில் கணக்கிலும் அது இருக்காது, கிளேசிங் கணக்கிலும் இருக்காது. தீப்பிடித்தால் கீழ்மாடிப் புகை அந்த வழியாகத்தான் மேலே ஏறும். அதை மினரல் வூல் (எரியாத கல் பஞ்சு) வைத்து அடைத்து மேலே ஃபயர் சீலன்ட் பூசுவது யார் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

தண்ணீர்ச் சோதனையையும் அதிலேயே சேருங்கள்: ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன், கீழிருந்து மேலாக, 5 அடி இணைப்புக்கு 5 நிமிடம் தண்ணீர் அடித்துப் பார்க்க வேண்டும். பில்லில் பிடித்து வைத்த பணத்தை ஐப்பசி மழை ஒன்று கடந்த பிறகே விடுங்கள்.